தணிகாசலம் அங்கிளுக்குப் பின்னால் வந்த தண்ணீர்

இந்தக் கதையின் கடைசியில் ஒரு சிரிப்பு இருக்கிறது, வயிற்றைப் பிடித்துக்கொள்கிற சிரிப்பு, சத்தியமாக இருக்கிறது, ஆனால் இப்போதே தரமாட்டேன், ஏனென்றால் அதற்கு முன்னால் உங்களுக்குக் கொஞ்சம் குமட்ட வேண்டும், குமட்டாமல் சிரித்தால் அது பாதிச் சிரிப்பு. சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் தட்டைத் தள்ளி வைத்துவிடுங்கள். என் பெயர் நறுமுகை. பார்த்தீர்களா, சிரித்துவிட்டீர்கள், மணக்கிற மொட்டு என்று பேர் வைத்துக்கொண்டு சாக்கடைக் கதை சொல்ல வந்திருக்கிறாளே என்று. அது நான் சொன்ன சிரிப்பு இல்லை. நான் பதினோராம் வகுப்பு. எந்தக் குரலைக் கேட்டாலும் அப்படியே திருப்பித் தருவேன்: தண்ணி லாரி பின்னால் வரும்போது பாடுகிற பாட்டு, கெமிஸ்ட்ரி மிஸ் கோபத்தில் மூக்கால் பேசுவது, வாட்ச்மேன் இருமல், லிஃப்ட்டுக்குள் கதவை மூடச் சொல்லிக் கெஞ்சுகிற அந்த முகமில்லாத பெண், எல்லாம் என் தொண்டையில் வாடகை தராமல் குடியிருக்கிறார்கள்.

சென்னைக்குத் தெற்கே, முன்பு ஏரியாக இருந்து இப்போது முகவரியில் மட்டும் ஏரியாக இருக்கிற இடத்தில் நிற்கிறது எங்கள் நீலதாரா ஃபிளாட்ஸ். போர்வெல்லில் வருவது துரு நாற்றம், அதனால் லாரிதான் எங்களுக்கு ஆறு, லாரிதான் எங்களுக்கு மழை. சித்திரை வெயில் தார் ரோட்டை இளக்கத் தொடங்கியிருந்த ஒரு திங்கட்கிழமை காலை, அசோசியேஷன் செக்ரட்டரி தணிகாசலம் அங்கிள் பால் வாங்கக் கீழே இறங்கினார், அவர் குளித்த தண்ணீரும் அவர் பின்னாலேயே படி இறங்கியது.

அவ்வளவுதான். ஏன் என்று கேட்காதீர்கள், எங்கள் கட்டடத்திலும் யாரும் கேட்கவில்லை. சாக்கடைக்குப் போக வேண்டிய தண்ணீர் போகப் பிடிக்காமல் பாதி வழியில் திரும்பி, குழாய்க்குள் ஏறி, பாத்ரூம் தரையில் சல்லடை மாதிரி இருக்கிற ஜாலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, ஒரு கன்றுக்குட்டி உயரத்துக்கு உருண்டு திரண்டு, தன்னை அழுக்காக்கிய ஆளைத் தேடிப் புறப்பட்டது. நிறம் சாம்பல். விளிம்பெல்லாம் சோப்பு ஏடு, மேலே ஷேவிங் நுரை, நடுவில் சுருண்டு சுருண்டு முடி, அவர் காலையில் காறித் துப்பியது முத்து முத்தாக மிதக்க, முந்தின நாள் தேய்த்த நல்லெண்ணெய் மேல்பரப்பில் வானவில் காட்ட, படிக்குப் படி தொப், தொப் என்று விழுந்து எழுந்து அது வந்தது. அந்த இன்னொன்றும் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. ஃப்ளஷ் பண்ணியதும் தண்ணீர்தானே? அது அடியில் இருந்தது. உவ்வே சொல்ல வேண்டியவர்கள் சொல்லிக்கொள்ளுங்கள், நான் நிற்கிறேன்.

அவர் பால் பாக்கெட்டோடு திரும்பி வருவதற்குள் எல்லா வீட்டுக் கதவும் திறந்து எல்லார் பின்னாலும் அவரவர் தண்ணீர் வந்துவிட்டது. நாய்க்குட்டி அளவு, ஆட்டுக்குட்டி அளவு, பீரோ அளவு. என்னுடையது ஆட்டுக்குட்டி, என் ஷாம்பூ நுரையில் நான் பிய்த்துப்போட்ட முகப்பரு ஸ்டிக்கர் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு கண்ணு மாதிரி என்னையே பார்த்தன. எங்கள் கட்டடத்துக் குழாயில் இறங்கிய தண்ணீருக்கு மட்டும்தான் அந்தப் புத்தி இருந்தது, பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர் ஒழுங்காகச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் எங்கள் தண்ணீர் எங்களை எங்கேயும் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் சைக்கிள் ஸ்டாண்டோடு நிறுத்திவிட்டு வரச் சொன்னார்கள், கோயிலில் செருப்பு விடுகிற இடத்தில் விடச் சொன்னார்கள், பஸ்ஸில் கண்டக்டர் "நீலதாராவா? பின்னாடி ஏறு, பின்னாடி ஏறு, லேடீஸ் மேல படாம பாத்துக்க" என்றார். ஒருத்தர் தன் தண்ணீரை லாரிக்காரரிடம் கெஞ்சி டேங்கில் ஏற்றிச் சதுப்பு நிலத்தில் கொட்டிவிட்டு வரச் சொன்னார். சாயங்காலமே அது ஒரு மீன் முள்ளையும் ஒரு பால் கவரையும் சேர்த்துக்கொண்டு கேட்டில் வந்து நின்றது.

ஒரு வாரத்தில் எல்லாருக்கும் பழகிவிட்டது. கரன்ட் போனால் பழகுவது மாதிரி, கொசு பழகுவது மாதிரி. லிஃப்ட்டில் ஆட்கள் முதலில், தண்ணீர்கள் படியில் என்று அசோசியேஷன் போர்டு வைத்தது. முக்குக் கடை டெய்லர் பழைய ஷவர் ஸ்கிரீனில் உறை தைத்துக் கொடுத்தார், நல்ல நாளுக்குப் பூப்போட்டது, ஆபீசுக்குப் பிளெய்ன். பிறகு எங்கள் ஆட்கள் ஒரு தப்பு செய்தார்கள், எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு: பெருமைப்பட்டார்கள். பெரிய தண்ணீர் என்றால் சுத்தமான ஆள் என்று எப்படியோ ஒரு பேச்சு கிளம்பியது. மூன்றாவது மாடியில் ஒரு மாப்பிள்ளையைப் பார்க்க வந்த பெண்ணின் அம்மா, புடவையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, சோபாவுக்குப் பின்னால் கொழகொழவென்று உட்கார்ந்திருந்ததை எட்டிப் பார்த்து, "நல்லா குளிக்கிற குடும்பம்" என்று திருப்தியாகத் தலையாட்டினாள். வாட்ச்மேன் சைஸ் பார்த்து சல்யூட் அடித்தார்.

சைஸில் தணிகாசலம் அங்கிளை மிஞ்ச ஆளில்லை. கல்யாண மண்டபத்து மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்றைக்கும் "அடுத்த பந்தி!" என்கிற குரலில்தான் குட்மார்னிங் சொல்வார். மனைவி பெங்களூரில் மகள் பிரசவத்துக்குப் போயிருந்தார். தனி ஆள், இரண்டாவது மாடி, ஆனால் அவருடையது நாளுக்கு நாள் வளர்ந்து எருமையாகி, எருமை தாண்டி யானைக்கன்று ஆகி, ராத்திரி பகல் என்று பார்க்காமல் ஊதியது. அதற்கு அவரே காரணம் சொன்னார்: "சீலிங்ல அருவி ஷவர் போட்டிருக்கேன், தெரியுமா? நின்னா போதும், குற்றாலம்." பின்னால் அவர் குற்றாலம் மூக்குச்சளியோடு ததும்பியது.

இப்போது தெய்வானை அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும், சொல்லும்போது சிரிப்பு வராது, அதனால்தான் சிரிப்பைத் தள்ளிப்போட்டிருக்கிறேன். அவர் எங்கள் கட்டடத்தில் ஐந்து வீட்டு வேலை செய்கிறவர். ஐந்து வீட்டு பாத்ரூமையும் தேய்ப்பவர், தேய்த்த தண்ணீர் அந்தந்த வீட்டு அழுக்கோடு அந்தந்த வீட்டுக்காரர் பின்னால்தான் போகும். தேய்க்கலாம், போகக் கூடாது, அது எங்கள் கட்டடத்தில் யாரும் எழுதாத சட்டம். வேலைக்கு வருகிறவர்களுக்கென்று கார் நிறுத்துகிற இடத்தின் மூலையில், மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில், ஒரே ஒரு கக்கூஸ் இருந்தது. மாசி மாதமே அதைத் தணிகாசலம் அங்கிள் பூட்டிவிட்டார். கதவில் 'தண்ணீர் சேமிப்போம்' என்று அட்டை தொங்கவிட்டுச் சாவியை விசிலோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அதன் பிறகு தெய்வானை அக்கா எங்கள் வீட்டில் மட்டும், அம்மா சொன்னதால், சத்தம் போடாமல் போய் வந்துகொண்டிருந்தார். தண்ணீர்கள் பின்னால் வர ஆரம்பித்ததும் அதையும் நிறுத்திவிட்டார்.

ஒருநாள் எங்கள் பாத்ரூமைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார். உதடெல்லாம் வெளுத்திருந்தது.

"காலைலேர்ந்து தண்ணி குடிச்சியா இல்லியா?" என்றாள் அம்மா.

"குடிச்சா போவணுமேம்மா."

"போயேன். இதோ இருக்கு, கதவ சாத்திக்க. நான் வெளிய நிக்கிறேன்."

"வோணாம்மா. இங்க போனா என் தண்ணி என் பின்னாலியே வந்துடும். கேட்டாண்ட நிக்கிறாரே செக்ரட்டரி சாரு, அவுரு பாத்துடுவாரு. வூட்டு பாத்ரூம்ல போனேன்னு தெரிஞ்சா மத்த நாலு வூட்லயும் சேத்துக்க மாட்டாங்க. எனக்குத் தெரியாதா?" எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் திரும்ப உட்கார்ந்தார். "ஏற்கெனவே கிட்னில கிருமின்றாரு டாக்டரு. இன்னொருவாட்டி வந்தா பெரியாஸ்பத்திரில படுக்கணுமாம். நான் படுத்துட்டா எம் புள்ளைங்கள யாரு பாக்குறது?"

அன்று சாயங்காலம் அவர் கேட்டைத் தாண்டும்போது நானும் கூடப் போனேன். தணிகாசலம் அங்கிள் வழியை மறித்து நின்றார், அவர் பின்னால் யானைக்கன்று வெயிலில் புளித்துப்போய்க் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது, அதில் கொசுப்புழு நீந்தியது, ஒரு காகம் குடிக்க வந்து முகர்ந்துவிட்டுக் கோபமாகப் பறந்துபோனது. அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார், அதற்காக அல்ல, தெய்வானை அக்காவுக்காக.

"ஏம்மா, எல்லாருக்கும் பின்னாடி ஒண்ணு வருது, உனக்கு மட்டும் ஒண்ணையும் காணோமே? குளிக்கிறியா இல்லியா? சீ, இப்படி வந்து எங்க வீட்டுப் பாத்திரத்தத் தொடுறியா?"

தெய்வானை அக்கா, "குளிச்சிட்டுதான் சார் வரேன், எங்க தெரு தண்ணி தெருவோட பூடும்" என்று தலையைக் குனிந்துகொண்டு போனார். அங்கே நின்றிருந்த ஆன்ட்டிகளும் மூக்கைச் சுளித்தார்கள், ஒவ்வொருத்தர் காலடியிலும் ஒவ்வொரு சாக்கடை உட்கார்ந்திருக்க. எனக்கு அன்றுதான் நிஜமாகவே வாந்தி வந்தது. அந்தத் தண்ணீர்களால் இல்லை.

எங்கள் வீடு மூன்றாவது மாடி, தணிகாசலம் அங்கிள் வீட்டுக்கு நேர் மேலே. எல்லா பாத்ரூம் ஜன்னலும் டக்டுக்குள் திறக்கும், குழாய்கள் இறங்குகிற அந்த இருட்டுச் சந்துக்குள் யார் தும்மினாலும் நான்கு மாடிக்கும் கேட்கும். மறுநாள் காலை அவர் ஷேவ் பண்ணிக்கொண்டே மூக்கால் பாடுகிற நேரம் பார்த்து, நான் பிளாஸ்டிக் மக்கை வாயில் கவிழ்த்துக்கொண்டு, வாய் நிறையப் பற்பசை நுரையோடு, சளி பிடித்த எருமை கிணற்றுக்குள்ளிருந்து பேசினால் எப்படி இருக்குமோ அப்படி ஆரம்பித்தேன்.

"தணிகாசலம்ம்ம்..."

பாட்டு நின்றது. "யாருய்யா அது?"

"நான்தான். நீ நேத்து துப்புனது. முந்தாநேத்து தேச்சது. போன வாரம் கழுவுனது. எல்லாம் சேந்து ஒரே ஆளா நிக்கிறேன், திரும்பிப் பாரு."

அவர் ரேஸரைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. தண்ணீர் பின்னால் வரும்போது பேசக் கூடாதா என்ன? அவர் ஆச்சரியப்படவே இல்லை, மரியாதையாகத்தான் கேட்டார்: "என்ன வேணும் உங்களுக்கு?"

'உங்களுக்கு' என்றார்! நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இதுவும் நான் சொன்ன சிரிப்பு இல்லை, பொறுங்கள்.

"மோட்டார் ரூம் பக்கத்துக் கக்கூஸத் திற. அந்தம்மா பாவம்."

"அது மட்டும் முடியாதுங்க. தண்ணி மிச்சம் பண்ணத்தான் பூட்டினது. பொதுக்குழு தீர்மானம். வேலைக்கு வர்றவங்க வாளி வாளியா ஊத்துவாங்க, உங்களுக்குத் தெரியாது."

எனக்குத் தெரியாதா? யானைக்கன்று அளவு சாக்கடைக்கா தெரியாது? அந்தக் கோபத்தில் குரல் தானாகவே இன்னும் கீழே இறங்கியது. "தண்ணி எங்க வீணாவுதுன்னு நான் காட்டுறேன். ஃப்ளஷ் டேங்க் மூடியத் திற. பீட்ரூட் சாறு ஊத்து. ஃப்ளஷ் பண்ணாத, சும்மா இரு. கீழ கோப்பையில சிவப்பு தெரிஞ்சா, என்னை ஊட்டி வளக்கறது யாருன்னு நீயே புரிஞ்சுக்கோ."

இந்த வித்தை எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் அம்மா கோமளா பாத்ரூம் சாமான் கடையில் சேல்ஸில் இருக்கிறாள், ஃப்ளஷ் ஒழுகுது என்று வருகிறவர்களுக்கெல்லாம் அவள் சொல்கிற பரிசோதனை அது. அங்கிள் மிக்சி போட்ட சத்தம் டக்டில் கேட்டது. மத்தியானம் அவர் கீழே இறங்கியபோது அவருடைய யானைக்கன்று செக்கச்செவேலென்று பின்னால் வந்தது, அதில் முடியும் நுரையும் மிதக்க, யாரோ யாரையோ பாத்ரூமில் அறுத்துவிட்ட மாதிரி. வாட்ச்மேன் "ஐயோ, கொலை!" என்று நாற்காலியில் ஏறி நின்றார். அங்கிள் மட்டும் எதையோ கண்டுபிடித்த முகத்தோடு, சிவப்பையே பார்த்துக்கொண்டு, மெதுவாக எங்கள் வீட்டுப் படி ஏறினார். டேங்கின் அடியில் ஒரு ரப்பர் வாஷர் தேய்ந்து, அவர் தூங்கும்போதும் டிவி பார்க்கும்போதும் சத்தமே போடாமல் லாரித் தண்ணீர் அவர் கோப்பைக்குள் வழிந்துகொண்டே இருந்திருக்கிறது.

"கோமளா, ஃப்ளஷுக்கு ஒரு வாஷர் வேணும்மா. அப்புறம் குழாய் மூக்குல மாட்டுவாங்களே, தண்ணியோட காத்தக் கலந்து விடுமே, அது."

"ஏரேட்டர். உங்க வீட்டுக்கா சார்?"

"இல்ல, இல்ல. வேண்டியவர் ஒருத்தர் சொன்னார்."

"வேண்டியவருக்குக் குரல் எப்படி இருந்துச்சு சார்?" என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமல்.

"கொஞ்சம் சளி."

அம்மா உள்ளே வந்து என் காதைத் திருகினாள், ஆனால் வலிக்கிற அளவுக்குத் திருகவில்லை. "அருவி ஷவரையும் கழட்டச் சொல்லு" என்றாள் மெதுவாக.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் நான் மக்குக்குள் வாயை வைத்தேன், ஒவ்வொரு காலையும் அவர் கேட்டுக்கொண்டார். அருவி இறங்கிப் பூந்தூறல் மாதிரித் தூவுகிற சின்ன ஷவர் ஏறியது, வாஷர் மாறியது, ஒரே இழுப்பில் வாளி வாளியாகக் கொட்டுகிற பழைய ஃப்ளஷ் போய் சின்னதுக்கு ஒரு பொத்தான் பெரியதுக்கு ஒரு பொத்தான் என்று புதுசு வந்தது, பல் தேய்க்கும்போது குழாயை மூடினார், மூடிவிட்டு "மூடிட்டேங்க" என்று தகவலும் சொன்னார். யானைக்கன்று இளைத்து எருமையானது, எருமை இளைத்துக் கன்றானது, கன்று இளைத்து நாய்க்குட்டியானது. குளித்த தண்ணீரை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றினால் அது திரும்பி வருவதே இல்லை, மண்ணைக் கண்டால் ஆளை மறந்துவிட்டு உள்ளே போய்விடுகிறது என்பதையும் அம்மா கண்டுபிடித்திருந்தாள், அதையும் அவரிடம் சொன்னேன். அவர் மதில் ஓரத்து வாழைக்கு ஊற்றினார். வாழை ஒரே வாரத்தில் வெட்கமில்லாமல் வளர்ந்தது.

அப்புறம் என்ன, மாடு திரும்பினால் மந்தை திரும்பாதா, கட்டடமே திரும்பிவிட்டது. இப்போது சின்னதாக இருப்பதுதான் நாகரிகம். பூப்போட்ட உறையெல்லாம் தொளதொளவென்று ஆகி டெய்லரிடம் பிடிக்கக் கொடுத்தார்கள். அம்மா கடையில் ஏரேட்டர் தீர்ந்துபோனது. "எங்க வீட்டுது டம்ளர்ல அடங்கிடும்" என்று ஆன்ட்டிகள் டம்ளரில் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார்கள், அந்த டம்ளரில் மூன்று பேர் துப்பியது. லாரி வருவது பாதியாகக் குறைந்தது.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, பின்னால் ஒன்றுமே வராத தெய்வானை அக்காவைத்தான் இனிமேல் எல்லாரும் கும்பிடுவார்கள் என்று நான் நினைத்தேன். கும்பிடவில்லை. "அவளுக்கு ஒண்ணுமே இல்லன்னா அது வேற விஷயம்" என்றார்கள், அதே மூக்கைச் சுளித்துக்கொண்டு. அந்த வாரம் தெய்வானை அக்காவுக்குத் திரும்பவும் காய்ச்சல் வந்தது. மாத்திரையை விழுங்குவதற்கு வேண்டிய மடக்குத் தண்ணீருக்கு மேல் ஒரு சொட்டு குடிக்க மாட்டேன் என்றார், அம்மா எவ்வளவோ சொல்லியும். நான் மக்கை எடுத்தேன்.

"தணிகாசலம். சொன்னதெல்லாம் செஞ்சே. லாரி பாதியாச்சு. இப்பத் திற."

அவர் முகம் துடைத்தார், மூக்கைச் சிந்தினார், குழாயை மூடினார். "எனக்கு ஆட்சேபணை இல்லீங்க. ஆனா நான் சொன்னா கேக்க மாட்டாங்க. கூட்டத்துல நீங்களே வந்து பேசிடுங்க. ஞாயித்துக்கிழமை காலைல கார் பார்க்கிங்ல. உங்க குரலக் கேட்டா யாரும் மறுக்க மாட்டாங்க."

எனக்கு நுரை தொண்டையில் இறங்கிவிட்டது. டக்ட் இல்லாத இடத்தில், பட்டப்பகலில், இத்தனை பேர் முன்னால்! மாட்டிக்கொண்டால் எனக்குத் திட்டு, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பூட்டு அதற்கப்புறம் திறக்கவே திறக்காது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், அசோசியேஷன் மைக், எல்லார் காலடியிலும் அவரவர் சின்னச் சாக்கடை. தெய்வானை அக்கா மோட்டார் ரூம் சுவரில் சாய்ந்து, அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றார். தணிகாசலம் அங்கிள் வெள்ளை வேட்டி கட்டி, தன் தண்ணீரை ஒரு எவர்சில்வர் வாளியில் வைத்து, கூச்சப்படக் கூடாது என்று மேலே ஒரு பூந்துவாலை போர்த்தி, மரியாதையாகத் தூக்கிக்கொண்டு வந்தார். மதில் ஓரம், வாழைப் பாத்திக்குப் பக்கத்துத் தூண் அடியில் வாளியை வைத்துவிட்டு மைக்கைச் சரிசெய்யப் போனார். நான் அந்தத் தூணுக்குப் பின்னால் மக்கோடு ஒட்டிக்கொண்டேன். அங்கிருந்து எனக்கு அவருடைய முதுகு தெரிந்தது, வாளி தெரியவில்லை.

"நம்ம எல்லாருக்கும் வழி காட்டினவங்க இவங்கதான்" என்றார், வாளியின் பக்கம் கை நீட்டி, பந்திக் குரலைப் பாதியாக்கி. "இப்ப அவங்க பேசுவாங்க. பேசுங்கம்மா. ஐயா. பேசுங்க."

நான் மூச்சை இழுத்தேன்.

"நீலதாராக்காரங்களே..." கூட்டம் சிலிர்த்தது. ஒருத்தர் செருப்பைக் கழற்றினார். "நான் தணிகாசலத்தோட அழுக்கு. உங்க காலடியில உக்காந்திருக்கறவங்கெல்லாம் என் சொந்தக்காரங்க. எங்க எல்லாரையும் ஒரு பொம்பள கையால தொட்டுத் தேச்சுக் கழுவுறா. உங்க முடிய ஜாலியிலேர்ந்து விரலால எடுக்கறா. நீங்க பாக்காததையெல்லாம் அவ பாக்கறா, வாந்தி எடுக்காம. அவளுக்கு ஒண்ணுக்கு வந்தா அடக்கிக்கிட்டு நிக்கணும், காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்காம. அவளப் பாத்து மூக்கப் பொத்துறீங்க. எனக்கே குமட்டுது. சாக்கடைக்கே குமட்டுதுன்னா பாத்துக்கங்க."

டம்ளர் ஆன்ட்டி டம்ளரைப் புடவைக்குள் மறைத்தாள். முதலில் என் அம்மாவின் கை மேலே போனது, பிறகு வாட்ச்மேன் கை, அவருக்கு ஓட்டே கிடையாது, பிறகு ஒன்றொன்றாக எல்லாக் கையும், ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல். தணிகாசலம் அங்கிள் கழுத்திலிருந்த சாவியைக் கழற்றும்போது அது விசில் கயிற்றில் சிக்கிக்கொண்டது, அவர் பல்லால் கடித்து அவிழ்த்தார், அவிழ்த்துத் தெய்வானை அக்கா கையில் வைத்தார், போடவில்லை, வைத்தார். அக்கா கையிலிருந்த சாவியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், பிறகு அட்டை தொங்கிய கதவைத் திறந்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

எல்லாரும் எதற்கோ காத்திருந்த மாதிரி இருந்தது. உள்ளே மக்கால் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது, ஒரு தடவை, இன்னொரு தடவை. அக்கா வெளியே வந்தார், அவர் பின்னால் ஒரு இட்லி அளவுக்குத் தண்ணீர் தயங்கித் தயங்கி வந்தது. முன்வரிசை ஆன்ட்டி ஒருத்தி பழக்கத்தில் மூக்குக்குக் கையைக் கொண்டுபோனாள், பாதியில் நிறுத்தி, காதோரத்து முடியைச் சரிசெய்துகொண்டாள். தெய்வானை அக்கா கார் கழுவுகிற குழாயைத் திறந்து, இரண்டு கையையும் குவித்து, குடித்தார். குடித்துக்கொண்டே இருந்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பேச்சு முடிந்துவிட்டது, மக்கைக் கீழே வைத்திருக்க வேண்டும், ஆனால் வாய் நிற்கவில்லை. "தணிகாசலம், நீ நல்லவன்டா! வாழைக்குத் தண்ணி ஊத்துற கையிடா! இனிமே நீ மூக்கால பாடுறத மட்டும் நிறுத்திட்டேன்னா, இந்தக் கட்டடத்துல உன்னை மாதிரி..."

அங்கிள் கண் கலங்கிப்போய்த் தூணுக்கு வந்தார், வாளிக்கு முன்னால் குனிந்தார், நேரில் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் போல இருந்திருக்கும், துவாலையை மெதுவாகத் தூக்கினார். வாளிக்குள் ஒன்றுமில்லை. பளபளவென்று காய்ந்த வாளி, அதில் அவருடைய முகம். வாளியின் விளிம்பிலிருந்து ஒரு ஈரக் கோடு தரையில் இறங்கி, தூணைச் சுற்றி, வாழைப் பாத்திக்குள் போய் முடிந்திருந்தது, அவர் மைக் பக்கம் திரும்பிய நிமிஷமே போயிருக்க வேண்டும், ஏனென்றால் கோட்டின் மேல்பாதி வெயிலில் காய்ந்தே விட்டது.

"...உன்னை மாதிரி ஒரு தங்கமான..." என்றது வாளி.

அவர் காலியான வாளியைப் பார்த்தார். ஈரக் கோட்டைப் பார்த்தார். தூணைப் பார்த்தார். தூணுக்கு இந்தப் பக்கம் எட்டி, பிளாஸ்டிக் மக்கை வாயில் கவிழ்த்து, மூக்கு வரை பற்பசை நுரையோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். அவருடைய முகத்தில் ரேஸர் விழுந்த காலை வந்துபோனது, பீட்ரூட் வந்துபோனது, "மூடிட்டேங்க" வந்துபோனது, ஒவ்வொன்றாக, ஒன்றுவிடாமல். பின்னால் கூட்டம் முழுவதும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. குழாயடியில் தெய்வானை அக்கா இன்னும் குடித்துக்கொண்டிருந்தார்.

அவர் துவாலையை எடுத்து வாளியின் மேல் பழையபடி போர்த்தினார், ஓரங்களை இழுத்து நன்றாக மூடினார், பிறகு என் கண்ணையே பார்த்துக்கொண்டு, கூட்டத்துக்கெல்லாம் கேட்கிற மாதிரி, வாளியிடம் சொன்னார்: "சரிங்க, பேசினது போதும்."